ஒரு சாண் ரப்பர் மீன், முப்பது மீட்டர் ஆழம்: லேக் ட்ரவுட்டுக்கு ஸ்விம்பெய்ட் போடுவது எப்படி

ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் மீன், அதன் தலையில் 85 கிராம் ஈயம். முதல்முறை கையில் வாங்கிப் பார்ப்பவர் எவரும் கேட்கும் கேள்வி, "இவ்வளவு பெரியதை எந்த மீன் விழுங்கும்?" லேக் ட்ரவுட் விழுங்கும். தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிற மீனை அது சர்வசாதாரணமாகத் தின்னும். 70 செ.மீ. மீனுக்கு 20 செ.மீ. இரை ஒரு வேளைச் சாப்பாடு.

புதிதாகத் தொடங்குபவர்கள் கோட்டை விடுவது லூரின், அதாவது இந்த ரப்பர் மீன் போன்ற பொய்யிரையின், அளவில் இல்லை, ஆழத்தில்தான். லூர் இந்த நொடி தரையிலிருந்து எத்தனை மீட்டர் மேலே நீந்துகிறது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஈயத்தின் எடை, தங்கூசியின் (தூண்டில் நூலின்) தடிமன், காற்று, ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் சோனார் எல்லாமே அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லத்தான்.

மீன் எங்கே நிற்கும்

பெயரில் ட்ரவுட் இருந்தாலும், அவலாஞ்சியிலும் நுவரெலியா மலைகளிலும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்டுக்கு இது தூரத்து உறவுதான். இது 'சார்' என்ற வகை. ரெயின்போவுக்கு வெளிர் உடம்பில் கரும்புள்ளி. இதற்கு நேர்மாறாகச் சாம்பல் பச்சை உடம்பில் வெளிர் புள்ளி, ஆழமாகப் பிளந்த வால். கனடாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இதன் பூர்வீகம். மேற்கு அமெரிக்காவில் மேக்கினா என்பார்கள். டொரன்டோ பக்கத்தில் இருப்பவர்களுக்கு வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் சிம்கோ ஏரி இருக்கிறது. தூண்டிலில் பிடிபட்ட உலக சாதனை மீன் 1995-இல் கனடாவின் வடமேற்கில் உள்ள கிரேட் பேர் ஏரியில் கிடைத்தது. எடை 72 பவுண்டு, ஏறக்குறைய 32.6 கிலோ.

குளிர்ந்த தண்ணீரும் அதில் நிறைய ஆக்சிஜனும் இல்லாமல் இந்த மீனுக்கு ஆகாது. 10 டிகிரி செல்சியஸ் சுற்றிலும் இருந்தால் சுகமாக இருக்கும். பனி உருகிய கையோடு ஏரி முழுக்கவே குளிராக இருப்பதால் கரையோரம் 2 மீட்டர், 5 மீட்டர் தண்ணீரில்கூட மேயும். கோடை ஏறினால் கதை மாறிவிடும். சூடான தண்ணீர் மேலே மிதக்க, குளிர்ந்த தண்ணீர் கீழே தங்க, நடுவில் சில மீட்டருக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு உருவாகும். அதற்கு தெர்மோக்ளைன் என்று பெயர். நல்ல சோனாரில் மங்கலான புகைக்கோடு போல அது தெரியும். ஜூலை, ஆகஸ்டில் லேக் ட்ரவுட் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வாழும். 15 முதல் 35 மீட்டர் வரை பார்க்க வேண்டியிருக்கும்.

கோட்டுக்குக் கீழே எல்லா இடமும் ஒன்றல்ல. தண்ணீருக்கு அடியில் மேடு, கரையிலிருந்து நீளும் பாறை முனை, 12 மீட்டரிலிருந்து 25-க்குச் சரேலென்று விழும் சரிவு ஆகிய இடங்களில் பெரிய மீன்கள் பதுங்கும். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரை. சிஸ்கோ, ஸ்மெல்ட், வைட்ஃபிஷ் குஞ்சுகள் கூட்டமாக நின்றால் சோனாரில் மேகம் போலத் தெரியும். அந்த மேகத்துக்குக் கீழே தரையை ஒட்டி ஒன்றிரண்டு தடித்த கோடுகள் இருந்தால் படகை அங்கே நிறுத்துங்கள். மேகமே இல்லாத அழகான பாறை மேட்டில் மணிக்கணக்காக எறிவதில் புண்ணியமில்லை.

எது ஸ்விம்பெய்ட், எது இல்லை

மீன் வடிவத்தில் இருந்து, இழுக்கும்போது உடம்பையும் வாலையும் ஆட்டி நீந்தும் லூருக்குத்தான் ஸ்விம்பெய்ட் என்று பெயர். மரத்திலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ கணுக்கணுவாகச் செய்தவையும் உண்டு. விலை கூடுதல், பெரும்பாலும் மிதப்பவை அல்லது மெதுவாக மூழ்குபவை. வசந்தத்தில் கரையோரம் எறியச் சரிப்படும். ஆழத்துக்கு உதவாது. ஆரம்பத்தில் வாங்க வேண்டியது மென் ரப்பர் உடலும் துடுப்பு போன்ற தட்டையான வாலும் கொண்ட வகை. அதை ஜிக் ஹெட்டில், அதாவது முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத்தலையில், கோத்துப் பயன்படுத்துகிறோம்.

அளவு 15 செ.மீ.யில் தொடங்கலாம். 18 செ.மீ. இருந்தால் இன்னும் நல்லது. 20-க்கு மேல் போனால் சின்ன மீன்களின் தொந்தரவு குறையும், கடிகளின் எண்ணிக்கையும் குறையும். நாள் முழுக்க ஒரே ஒரு கடிக்காகக் காத்திருக்க மனம் பழகிய பிறகு அந்தப் பக்கம் போனால் போதும்.

நிறத்தைப் பற்றிக் கடைகளில் ஒரு சுவர் நிறையப் பேசுவார்கள். வெள்ளை ஒன்று, வெள்ளி வயிறும் பச்சை முதுகும் கொண்டது ஒன்று. இரண்டு போதும். ஆழத்தில் சிவப்பு முதலில் மறைந்துவிடும், மிஞ்சுவது பெரும்பாலும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடுதான்.

கோப்பதில்தான் பாதி வேலை

ரப்பர் உடலைக் கோணலாகக் கோத்தால் அது நீந்தாது, சுழலும். சுழலும் லூரைப் பெரிய மீன் பின்தொடர்ந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். உங்கள் தங்கூசியும் முறுக்கேறி முடிச்சு முடிச்சாகும். எனவே இங்கே அவசரம் கூடாது.

முதலில் ஈயத்தலையை ரப்பர் மீனின் பக்கவாட்டில் வைத்து, ஈயத்தின் பின்விளிம்பும் ரப்பர் மூக்கும் ஒரே இடத்தில் இருக்கும்படி பிடியுங்கள். முள் வளையத் தொடங்கும் இடம் முதுகில் எங்கே வருகிறது என்று பார்த்து அங்கே பேனாவால் ஒரு புள்ளி. பிறகு முள் நுனியை மூக்கின் நட்டநடுவில் குத்தி, ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக முள்மேல் ஏற்றி, அந்தப் புள்ளியில் வெளியே எடுங்கள். மேலிருந்து பார்த்தால் முள் முதுகுக்கோட்டில் நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் 2 மி.மீ. சாய்ந்தாலும் கழற்றிவிட்டு மறுபடி கோக்க வேண்டும். உடல் நடுவில் சுருங்கிப் புடைத்திருந்தால் முள் தாமதமாக வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம், வளைந்து இழுபட்டிருந்தால் சீக்கிரம் வந்துவிட்டது. சரியாக அமர்ந்ததும் ஈயக் கழுத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் முதல் கடியிலேயே ரப்பர் கீழே வழுக்கி வந்துவிடும்.

18 செ.மீ. உடலுக்கு 6/0 முதல் 8/0 வரை முள் தேவைப்படும். அப்படியும் ஒரு சிக்கல் மிஞ்சும். முள் வெளியே வருவது தலையிலிருந்து ஏழெட்டு செ.மீ. தள்ளி. அதற்குப் பின்னால் ஒரு விரல் நீளத்துக்கு மேல் வெறும் ரப்பர். லேக் ட்ரவுட் பலநேரம் துரத்திவந்து வாலையோ வயிற்றையோ வெட்டும். 'தட்' என்று கையில் தெரியும், இழுத்தால் ஒன்றுமில்லை, லூரைப் பார்த்தால் வாலடியில் பல் தடம். இதற்குத்தான் ஸ்டிங்கர், அதாவது துணைமுள். 60 அல்லது 80 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் தங்கூசியில் பத்து செ.மீ. துண்டு எடுத்து, ஒரு முனையை முன்முள்ளின் அடித்தண்டில் கட்டி, மறுமுனையில் 1/0 அளவு மூன்றுமுனை முள். அதன் ஒரு முனையை மட்டும் வயிற்றில் லேசாகக் குத்திவிடுங்கள். இணைப்பு இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுகினால் உடல் வில்லாக வளைந்து, நீங்கள் பாடுபட்டுக் கோத்த நேர்த்தி எல்லாம் வீண்.

வால் நேராக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பையில் மடிந்து கிடந்த வால் அந்த மடிப்பை மறக்காது. கொதித்து இறக்கிய தண்ணீரில் முப்பது நொடி முக்கி, நேராகப் பிடித்தபடி குளிர்ந்த தண்ணீரில் விட்டால் சரியாகிவிடும். வாங்கிய பிளாஸ்டிக் அச்சோடு வைத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

எத்தனை கிராம் ஈயம்

கடையில் அவுன்ஸ் கணக்கில்தான் கேட்க வேண்டும். ஓர் அவுன்ஸ் 28 கிராம். 6 மீட்டர் ஆழம் வரை முக்கால் அல்லது ஓர் அவுன்ஸ். 15 மீட்டர் வரை ஒன்றரை முதல் இரண்டு. 30 மீட்டர் வரை இரண்டு முதல் மூன்று. அதற்கும் கீழே நான்கு. காற்று அடித்தால் ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் படகு நகர நகர தங்கூசி பின்னால் சாய்ந்து நீளும், லூர் தரையை விட்டு மேலே எழும்பிவிடும். தங்கூசி தண்ணீரில் இறங்கும் கோணத்தைப் பாருங்கள். செங்குத்தாகப் போட்டது 45 டிகிரிக்குச் சாய்ந்துவிட்டால் ஈயம் போதவில்லை.

கனமாகப் போட்டுவிட்டால் நிம்மதிதானே என்றால், இல்லை. எடை கூடினால் லூர் தரையில் மோதாமல் இருக்க வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். மார்ச், ஏப்ரல் குளிர்நீரில் மந்தமாக இருக்கும் மீனுக்கு அந்த வேகம் ஒத்துவராது. தரையை உணர முடிகிற மிகக் குறைந்த எடைதான் சரியான எடை.

எடையைப் பழக்கத்தில் கொண்டுவர ஓர் எளிய வழி இருக்கிறது. ஆழம் தெரிந்த இடத்தில் லூரை நேராக இறக்கி, தங்கூசி தொய்யும் வரை எண்ணுங்கள். 15 மீட்டருக்கு 12 எண்ணிக்கை ஆனதென்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறை சோனாரில் மீன் 10 மீட்டரில் தெரிந்தால் 8 எண்ணி நிறுத்த வேண்டும். எறிந்தால் சற்றுக் கூடுதலாக ஆகும், தங்கூசியும் இழுக்கும். ஒவ்வொரு ஈயத்துக்கும் இந்த எண்ணிக்கையைப் பெட்டி மூடியில் எழுதி ஒட்டிக்கொண்டால் சோனார் இல்லாத நாளிலும் கைகொடுக்கும்.

ராடு 7 முதல் 8 அடி, ஹெவி வகை. அதில் எழுதியிருக்கும் லூர் எடை வரம்பைப் பார்க்கும்போது பலர் ஈயத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். 18 செ.மீ. ரப்பர் உடலே 25, 30 கிராம் இருக்கும். 3 அவுன்ஸ் ஈயத்தோடு சேர்ந்தால் மொத்தம் 4 அவுன்ஸைத் தொட்டுவிடும். பெய்ட்காஸ்டர் ரீல், அதில் 30 அல்லது 40 பவுண்டு பின்னல் தங்கூசி. பின்னல் வகை நீளாது என்பதால் 30 மீட்டர் கீழே வால் ஆடுவதுகூட விரலில் தெரியும். சாதாரண நைலான் ரப்பர் போல நீளும், அதே ஆழத்தில் கடி தெரியாது, முள்ளும் ஏறாது. பின்னலின் முனையில் 20 அல்லது 25 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் ஆறடி. இரண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு போதும். எஃப்ஜி முடிச்சு பழகினால் ராடு வளையங்களில் சிக்காமல் வழுக்கிப் போகும்.

எறிந்து இழுப்பது

சரிவின் ஆழமில்லாத பக்கம் எறிந்து ஆழத்தை நோக்கி இழுக்கலாம், மாற்றியும் செய்யலாம். ஆழத்திலிருந்து மேட்டை நோக்கி இழுத்தால் லூர் தரையை ஒட்டியே ஏறும், பாறையில் சிக்கவும் செய்யும். தரையைத் தொட்டதும் ராடை உயர்த்தி லூரை ஒரு மீட்டர் எழுப்புங்கள். பிறகு வால் ஆடுவது ராடு நுனியில் 'டுக் டுக்' என்று தெரிகிற அளவு மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி தரையைத் தொட விடுங்கள். 'டுக் டுக்' நின்றுபோனால் வாலில் பாசியோ, முள்ளில் தங்கூசியோ மாட்டியிருக்கிறது. அதை அப்படியே இழுத்து முடிப்பதால் பயனில்லை, சீக்கிரம் சுற்றியெடுத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி எறிவது மேல்.

செங்குத்தாக, சோனாரைப் பார்த்து

கோடையிலும், பனிக்கட்டியில் துளையிட்டுப் பிடிக்கும் குளிர்காலத்திலும் இதுதான் ராஜபாட்டை. லேக் ட்ரவுட்டின் குணமே கீழிருந்து மேலே துரத்துவது. வால்ஐ என்ற மீனைப் போல அதற்குக் காற்றுப்பை மூடியதல்ல. காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு குழல் இருப்பதால் மேலே ஏறும்போது வாய்வழியாகக் காற்றை விட்டுவிட்டு ஏறும். 30 மீட்டரில் கிளம்பிய மீன் லூரின் பின்னால் படகின் நிழல்வரை வந்து கடித்துவிட்டுப் போவதும் உண்டு.

லூரைத் தரைவரை இறக்குங்கள். திரையில் அது சாய்கோடாக இறங்கித் தரையோடு சேரும். ஒரு மீட்டர் தூக்கி அப்படியே வையுங்கள். பக்கத்தில் இன்னொரு கோடு தரையிலிருந்து பிரிந்து மேலே வளைந்தால் மீன் பார்க்கிறது. இந்த நேரத்தில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் காரியம், மூச்சைப் பிடித்துக்கொண்டு லூரை அசையாமல் நிறுத்துவது. அதுதான் தவறு. தன்னைத் தின்ன ஒரு மீன் வரும்போது எந்தச் சிஸ்கோவும் நின்று வேடிக்கை பார்க்காது. சுற்றத் தொடங்குங்கள். மீனின் கோடு கூடவே ஏறினால் வேகத்தைக் கூட்டுங்கள். இரண்டு கோடும் ஒட்டும் நேரத்தில்தான் கடி விழும். மீன் பின்தங்கினால் லூரை 3 மீட்டர் விழவிட்டு, அதன் மூக்குக்கு நேரே மறுபடி ஓட்டம் காட்டுங்கள். ஒரே மீன் மூன்று, நான்கு முறை மேலும் கீழும் வரும். ஐந்தாவது தடவைக்கு மேல் பெரும்பாலும் சலித்துப் போய்விடும். அப்போது நிறத்தைவிட அளவை மாற்றிப் பார்ப்பது நல்லது.

விழும்போதும் கடிக்கும். இருபது எண்ண வேண்டிய இடத்தில் பதினான்கிலேயே தங்கூசி தொய்ந்தால் அது தரையில்லை, மீன்.

சோனார் காட்டும் மீன் லூருக்கு நேர் அருகில் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். 20 டிகிரிக் கற்றை 30 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். அந்த வட்டத்தின் ஒரு விளிம்பில் லூர், மறுவிளிம்பில் மீன் இருந்தாலும் திரையில் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். நாலைந்து மீன் தெரிந்தும் ஒன்றுகூட அசையவில்லை என்றால் மீனைக் குறை சொல்லும் முன் படகை ஐந்து மீட்டர் நகர்த்திப் பாருங்கள்.

கடித்த பிறகு

பெரிய முள் மெல்ல அசைத்தால் ஏறாது. லேக் ட்ரவுட்டின் வாய் எலும்பு மாதிரி. தொய்வை வேகமாகச் சுற்றி எடுத்து, எடை கையில் ஏறியதும் ராடை இடுப்பிலிருந்து ஒரு பக்கமாக நீளமாக வீசுங்கள். தலைக்கு மேல் குட்டையாக வெட்டி இழுத்தால் ஆழத்தில் அந்த அசைவு மீன்வரை போய்ச் சேராது. ட்ராகை (தங்கூசியை ரீல் விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) லீடரின் பலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு, அதாவது 20 பவுண்டு லீடருக்கு 5 பவுண்டுக்கு, தராசு வைத்து அளந்து பொருத்திக்கொள்ளுங்கள்.

மீன் தலையை உதறும், தரையை நோக்கி இழுக்கும். நடுவில் குமிழிகள் மேலே வந்தால் அது காற்றை விடுகிறது. அவசரமாக ஏற்றாமல் அதற்கு நேரம் கொடுத்தால் மீனைத் திரும்பத் தண்ணீரில் விடும்போது தானாக ஆழத்துக்கு இறங்கும். படகருகே வந்ததும் உருளத் தொடங்கும். லீடர் செவுளைச் சுற்றிக்கொள்வதும் துணைமுள் வலையில் மாட்டுவதும் அப்போதுதான். ரப்பர் பூசிய கோருவலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து மீனின் தலையை அதற்குள் நடத்துங்கள். முள்ளைக் கழற்ற நீளமூக்கு இடுக்கியும், தடித்த முள்ளை வெட்டும் கட்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூன்றுமுனை முள் கையில் ஏறியவனுக்குக் கட்டரின் அருமை தெரியும்.

மேல்தண்ணீர் 18 டிகிரியைத் தாண்டிய நாட்களில், விட்டுவிடும் எண்ணத்தோடு ஆழத்து மீனைப் பிடிக்காமல் இருப்பது நல்லது. 8 டிகிரியிலிருந்து 22 டிகிரிக்கு இழுத்து வந்து படம் எடுத்து விட்டால் அது நீந்திப் போவது போலத் தெரியும், பிழைக்குமா என்பது வேறு விஷயம். வடக்கு ஏரிகளில் இந்த மீன் முதல்முறை முட்டையிடவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். நாற்பது ஆண்டைத் தாண்டி வாழும். அங்கே 10 கிலோ மீன் என்பது உங்களில் சிலரைவிட வயதில் மூத்தது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். இலையுதிர் காலத்தில் இவை பாறைத் திட்டுகளில் முட்டையிட வருவதால் பல ஏரிகளில் அப்போது பிடிக்கத் தடை. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் எதிர்முனை (முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீளும் கூர்) உள்ள முள்ளே கூடாது, அதை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைவான ஈயத்தலைக்கு அனுமதியில்லை, டங்ஸ்டன் அல்லது பிஸ்மத் வாங்க வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியிலோ எல்லாமே தலைகீழ். யாரோ கொண்டுவந்து விட்ட லேக் ட்ரவுட் 1994-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளூர் கட்த்ரோட் ட்ரவுட்டைத் தின்று தீர்ப்பதால், பிடித்த லேக் ட்ரவுட்டை அங்கே உயிரோடு விடக் கூடாது.

சமைக்க எடுப்பதானால் 50, 55 செ.மீ. மீனை எடுங்கள். கொழுப்பான சதை, பொரிப்பதைவிடச் சுடவும் புகைபோடவும் பொருந்தும். குழம்பில் போட்டால் சீக்கிரம் உடைந்துவிடும், புளி கொதித்து அடங்கிய பிறகு இறக்குவதற்கு முன்தான் துண்டுகளைப் போட வேண்டும். பெரியதும் கிழடுமான மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசு ஏரிவாரியாக வெளியிடும் பட்டியலில் உங்கள் ஏரியைப் பார்த்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள்.